இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஆறு நாள்

வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஒரு மாணவருக்கு எங்கள் இசைப்பள்ளியால் கொடுக்க முடிவது அவ்வளவுதான். ஒரு வகுப்பில் எட்டுப் பேர், பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்து அறையில் மிருதங்கமும் கீபோர்டும் நடக்கும். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் முதல் நாளே கேட்பார்கள்: "எத்தனை வருஷத்துல, மிஸ், இவ மேடை ஏறுவா?" இருபது வருடமாக இதே கேள்விதான். நானும் ஒன்று கேட்பேன்: "அடுத்த வகுப்புக்கு முன்னால ஆறு நாள் இருக்கே, அந்த ஆறு நாளும் இவ பாடுறதை வீட்டுல யார் கேப்பீங்க?" பெரும்பாலும் பதில் வராது.

இசையை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். வகுப்பில் நடந்ததைவிட இந்த ஆறு நாளில் நடந்ததுதான் அவர்களில் அதிகம் பேரை நிறுத்தியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் போன்ற பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமூக இசைப்பள்ளி என்றால் குரல் தேர்வு வைத்து வடிகட்டாத பள்ளி. இந்த எண்ணம் புதிதல்ல. 1908-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு இளம்பெண்கள், வேற்று நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து சென்ட் வாங்கினார்கள். அதுதான் செட்டில்மென்ட் இசைப்பள்ளி. நூறு வருடம் தாண்டி இன்றும் நடக்கிறது. வித்வான்களை உருவாக்கும் இடம் ஒன்று இருக்கட்டும். யார் வந்தாலும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடமும் ஒன்று வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எங்கள் பள்ளிக்கும் அதுவே.

இப்படி ஒரு வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு காட்சி. எட்டு வயதுப் பையன் ஒருவன். அவன் பக்கத்தில், பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முதன்முதலாகப் பாட்டுக் கற்க வந்த ஓர் அம்மா. சரளி வரிசை, அதாவது ஆரம்பத்தில் கற்கும் சுரப் பயிற்சி. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அப்புறம் தட்டி வீச்சு, தட்டி வீச்சு. மொத்தம் எட்டு. அந்த அம்மாவுக்கு வாய் சரியாகப் பாடும். கை மட்டும் நடுவிரலோடு நிற்காமல் ஆள்காட்டி விரலுக்கும் போய்விடும். எட்டு ஒன்பதாகிவிடும். மூன்றாவது வாரம் அந்தப் பையன் பாட்டை நிறுத்தாமலேயே தன் இடது கையை நீட்டி, அவருடைய ஆள்காட்டி விரலை மெதுவாகப் பிடித்துக்கொண்டான். "பாட்டி, இது வேணாம்." அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தாளம் தப்பவே இல்லை. நான் மூன்று வாரம் சொல்லி வராதது அந்தப் பையன் ஒரு விரலைப் பிடித்ததும் வந்தது. கூட்டு வகுப்பில் தனிக்கவனம் கிடைக்காது என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அங்கே சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியர் ஒருவர் மட்டும் அல்ல.

இனி என் தவறு ஒன்று. பள்ளியில் சேர்ந்த மூன்றாவது வருடம். ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கிறது. இரண்டாவது வரிசையில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சுருதியை விட்டு விலகியே பாடிக்கொண்டிருந்தாள். விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவள் பக்கத்தில் குனிந்து, "நீ சத்தம் வராம வாயை மட்டும் அசைம்மா, சரியா?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். தலையாட்டினாள். விழாவன்று சொன்னபடியே வாயசைத்தாள். அடுத்த மாதத்திலிருந்து வரவில்லை. வீட்டில் அவள் அதற்குப் பிறகு முணுமுணுத்துக்கூடப் பாடுவதில்லை என்று பின்னால் அவள் அம்மா சொன்னார்.

அந்தக் குழந்தைக்குக் காது இல்லாமல் இல்லை. உண்மையிலேயே இசைச் செவிடு, அதாவது சுரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்து அறிய முடியாமல் பிறப்பவர்கள், மிகக் குறைவு. இசையும் மூளையும் பற்றி ஆராயும் இசபெல் பெரெட்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்ற அளவில்தான் வந்தது. சுருதி சேராமல் பாடும் பிள்ளைகளில் மற்ற எல்லோருக்கும் காது கேட்கிறது. கேட்டதைத் தொண்டையால் எட்டிப்பிடிக்கத்தான் இன்னும் பழகவில்லை. அது பழக்கத்தில் வருகிற வேலை.

இப்போது நான் வேறு மாதிரி ஆரம்பிக்கிறேன். தம்பூராவைப் போட்டுவிட்டு "இதோடு சேர்" என்று சொல்வதில்லை. குழந்தையை ஏதாவது ஒரு சத்தம் நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். எந்தச் சத்தமானாலும் சரி. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, சுருதிப் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைப்பேன். முதல் தடவையாகத் தன் குரலும் பெட்டியும் ஒன்றாக ஒலிப்பதைக் கேட்கும்போது பிள்ளைகள் சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை கிடைத்துவிட்டால் போதும். அங்கிருந்து அரைக்கட்டை, அரைக்கட்டையாக (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) நகர்த்திக் கூட்டத்தின் சுருதிக்கு அழைத்து வந்துவிடலாம். சிலருக்கு ஒரு மாதம் ஆகும், சிலருக்கு எட்டு மாதம்.

ஆனால் இவ்வளவையும் வீட்டில் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட முடியும். "உங்க அக்கா குரல் உனக்கு வரல." "மாமா வந்திருக்கார், ஒரு பாட்டுப் பாடிக் காட்டு." "போன்ல பாரு, அஞ்சு வயசுப் பொண்ணு ராகம் பாடுது." சொல்கிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லையே. அரைகுறையாக வந்த வரிசையை விருந்தாளி முன்னால் பாடச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு அந்த வாரம் பயிற்சியே ஒரு பயமாக மாறிவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவளாகவே "நான் பாடட்டுமா?" என்று கேட்கும் நாள் வரும். அதுவரை பொறுங்கள்.

பையன்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது. 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையிலான தூரம், கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் மாறும். ஆனால் இரண்டு மூன்று சுரம் அளவுக்குத்தான். நேற்று வரை ஐந்தரைக் கட்டையில் கணீரென்று பாடிய பையனுக்கு மேல் ஷட்ஜமத்தில் (மேல் ச) குரல் கீறுகிறது. வகுப்பில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் அவன் கடைசி வரிசைக்குப் போகிறான். அதற்கடுத்த வாரம் டியூஷன் என்று காரணம் சொல்கிறான். பெற்றோர் "குரல் போச்சு, படிப்பையாவது பார்க்கட்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குரல் போகவில்லை. வேறு இடத்துக்குக் குடிபோய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் அவனை இரண்டு கட்டைக்கோ ஒன்றரைக்கோ இறக்கி, பத்து நிமிடம் மெதுவாக, மத்திய (நடு) ஸ்தாயியில் மட்டும் பாட விட்டால் போதும். பழைய சுருதியில் கத்திப் பிடிக்க வைப்பதுதான் தொண்டையைக் கெடுக்கும். தாளம், சுரம் எழுதுவது, வாத்தியம் என்று மற்ற வேலைகளை அந்த ஒரு வருடத்தில் நிறையச் செய்யலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தாலோ பாடும்போது வலித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இது எல்லா வயதுக்கும் பொருந்தும்.

வயலின் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் நடக்கும் தவறு வாங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. சட்டை தைப்பது போல, வளர்ந்தாலும் ஆகட்டும் என்று முழு அளவு வயலினை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கால், அரை, முக்கால் என்று அளவுகள் இருப்பதே குழந்தைகளுக்காகத்தான். இடது கையை நீட்டச் சொல்லி வயலினைக் கழுத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்க, விரல்கள் வயலினின் தலையைச் சுற்றி வளைந்து பிடிக்க வேண்டும். எட்டாமல் கை விறைத்து நின்றால் அந்த வயலின் அந்தக் குழந்தைக்குப் பெரியது. ஒரு பெண்ணுக்கு ஏழெட்டு மாதமாக விரல் சரியான இடத்தில் விழவே இல்லை. அரை அளவு வயலின் ஒன்றைப் பள்ளியிலிருந்து கொடுத்தனுப்பினேன். இரண்டாவது வாரமே தோள் இறங்கிவிட்டது, சுரமும் சேர்ந்துவிட்டது. அதுவரை அவளைத்தான் எல்லோரும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வாசிக்கும்போது வலித்தால் "பழகப் பழகச் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தந்தியை அழுத்தும் விரல் நுனி ஆரம்பத்தில் எரிவது இயல்பு. மணிக்கட்டிலோ தோளிலோ கழுத்திலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் பத்தாயிரம் மணி நேரம் என்ற கணக்கோடு வருகிறார்கள். அந்த எண் வந்த இடம் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு. மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி அது. தாண்ட வேண்டிய கோடு அல்ல. அதே ஆய்வில், நன்றாக வாசித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கியதும் தெரியவந்தது. இதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்வது நாளைக்கு 15 நிமிடம். ஆறு நாளைக்கு 90 நிமிடம் ஆகிறது. வகுப்புக்கு முந்தைய நாள் ராத்திரி ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே 90 நிமிடம்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இடைவெளி விட்டுப் படித்தது நிலைக்கும் என்பதை 1885-லேயே நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் எழுதிவிட்டார். வரிசைகள் எல்லாவற்றையும் ஓட்டிவிட வேண்டாம். வராத ஓர் இடத்தை எடுத்து, முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வரும் வரைக்கும் பாடினால் போதும். வேகமான மூன்றாம் காலத்துக்கு அவசரமே இல்லை.

ஜப்பானின் ஷினிச்சி சுஸுகி, 1946-இல் மாட்சுமோட்டோவில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர், பெற்றோரையும் வகுப்பில் உட்கார வைத்தார். குழந்தைக்கு முன்பே தாய்க்குக் கொஞ்சம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். தாய்மொழி மாதிரி, கேட்டுக் கேட்டுத்தான் வரும் என்பது அவர் நம்பிக்கை. எங்களால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் அந்த 15 நிமிடமும் பெரியவர் ஒருவர் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். சங்கீதம் தெரியாத பெற்றோர் என்றால் இன்னும் நல்லது. திருத்த முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். எங்கே தட்டு, எங்கே விரல் என்று உங்களுக்குச் சொல்லும்போதுதான் அவளுக்கே அது தெளிவாகும். கீபோர்டு பிள்ளைகள் ஹெட்போன் போட்டுப் பழகினால் ஒலியைப் பாதிக்குக் கீழே வையுங்கள். காது போனால் திரும்பாது.

எங்கள் பயிற்சி நோட்டில் முன்பு "எத்தனை நிமிடம்" என்று ஒரு கட்டம் இருந்தது. பிள்ளைகள் ஏழு நாளையும் ஒரே பேனாவில் நிரப்பிக்கொண்டு வருவார்கள், 30, 30, 30 என்று. பெற்றோர் கையெழுத்தும் இருக்கும். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வரி: "இன்று உன் காதில் என்ன கேட்டது?" முதல் சில வாரம் வெற்றாகவே வந்தது. பிறகு "நல்லா இருந்துச்சு" என்று எழுதினார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் அந்த விரல் பிடித்த பையன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆரம்பப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. அந்த ராகத்தில் ரிஷபத்திலிருந்து (ரி) காந்தாரத்துக்கு (க) பெரிய தாவல். பெரியவர்களுக்கே அங்கே காந்தாரம் கொஞ்சம் இறங்கி நிற்கும். புதன்கிழமைக்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தான்: "க கீழ இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. மறுபடி பாடினேன்."