சீனி வருத்தக்காரருக்குக் கால் ஒபரேஷன்: கையில் இருக்க வேண்டிய கடதாசிகள், கேட்டு வாங்க வேண்டிய காசு

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கவ்வாத்து வெட்டின, அதாவது செடியைக் கத்தரித்துவிட்ட மலையில் குச்சி குத்தினால் யாருக்கும் வலிக்கும். எங்கள் பெரியம்மாவுக்கு வலிக்கவில்லை. பத்து வருடச் சீனி வருத்தம் (நீரிழிவு), பாதம் மரத்துப் போயிருந்தது. நாலாம் நாள் லயத்துப் பீலியில் கால் கழுவும்போது தண்ணீரோடு சீழ் வந்ததைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியும். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். அப்புறம் மாதக் கணக்கில் வீடு. அந்த நாட்களில் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் போன இடமெல்லாம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடதாசி இருக்கா?"

முதல் கடதாசி காயம் பட்ட அன்றே தொடங்குகிறது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலை செய்யும்போது, அந்த வேலையால் ஏற்பட்ட காயத்துக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு தர வேண்டும். கால்விரல் இழப்புக்குக்கூட அதன் அட்டவணையில் வீதம் போட்டிருக்கிறது. தோட்டம் தர மறுத்தால் கொழும்பில் இருக்கும் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் முறையிடலாம். ஆனால் மலையில் குத்தியது என்பதற்கு என்ன சாட்சி? பெரியம்மா அன்று யாரிடமும் சொல்லவில்லை, டிஸ்பென்சரிக்கும் போகவில்லை, எந்தப் புத்தகத்திலும் பதியவில்லை. "சீனியால் வந்த புண்" என்று நிர்வாகம் சொன்னபோது எங்களிடம் மறுத்துச் சொல்ல ஒரு வரி இல்லை. சீனி இருக்கிறவர்கள் மலையிலிருந்து இறங்கியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், அட்டை கடித்த இடத்தைக்கூட விடாதீர்கள். வேலையில் கீறல் பட்டால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லித் தோட்டத்து டிஸ்பென்சரியில் திகதியோடு எழுத வையுங்கள்.

சரி, ஒபரேஷன் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒபரேஷனுக்கும் வார்டுக்கும் காசு இல்லை, கிளினிக்கில் தரும் இன்சுலினுக்கும் இல்லை. துண்டு விடும்போது, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது, வருத்தத்தையும் செய்த வைத்தியத்தையும் எழுதிய டயக்னோசிஸ் காட் தருவார்கள். அதை வாங்கி மடித்து வைத்துவிடாமல், எந்தப் பகுதியை எடுத்தார்கள், எத்தனை நாள் காலை ஊன்றக் கூடாது, அடுத்த கிளினிக் எப்போது என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டு வரும் முன்பே பாருங்கள். கண்டியிலோ பதுளையிலோ ஒபரேஷன் செய்தாலும் மருந்து கட்ட ஒவ்வொரு முறையும் அங்கேயே போக வேண்டும் என்று இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கேளுங்கள். புண் கறுத்தாலோ நாற்றம் வந்தாலோ குளிர்காய்ச்சல் கண்டாலோ கிளினிக் நாள் வரும் வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: குளிருக்கு அடுப்படியில் கால் காட்டாதீர்கள். மரத்த பாதம் பொசுங்கினாலும் தெரியாது.

இப்போது காசு விஷயம். வேலைக்குப் போய்ப் பேர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை, அதனால் இரண்டாம் மாதம் வீட்டில் யாராவது சொல்வார்கள், "பேரை வெட்டிட்டு ஈ.பி.எஃப். எடுத்திடலாம்" என்று, அதாவது வேலையை விட்டுவிடலாம் என்று. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். சாதாரணமாக வேலையை விட்டால், ஆணுக்கு 55 வயதும் பெண்ணுக்கு 50 வயதும் ஆகும் வரை அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். பெரியம்மாவுக்கு அப்போது 47. "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று கைநாட்டு வைத்திருந்தால் இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாத நிலையால் வேலையை விடுகிறார் என்று மருத்துவச் சான்றிதழ் இருந்தால் வயதைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கேட்கலாம். கடிதத்தில் எழுதும் காரணம் ஒரு வரிதான், மூன்று வருடம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டு விரல் போனதற்காக எல்லா டொக்டரும் அப்படி எழுதித் தர மாட்டார்கள், அது நியாயமும்தான். நடக்க முடிகிறவர்கள் செக்ரோலில் (தோட்டத்துப் பேர்ப் பதிவில்) பேர் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே நல்லது என்பது என் அபிப்பிராயம். இலேசான வேலை கொடுக்கச் சொல்லி டொக்டரிடம் கடிதம் வாங்கி, தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்த் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேளுங்கள். பிள்ளைக் காம்பராவிலோ (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) நாற்று மேடையிலோ இடம் கிடைத்தால் ஈரத்திலும் சரிவிலும் நிற்க வேண்டியதில்லை.

வேலையில் இருந்துகொண்டே ஈ.பி.எஃப். பணத்தில் 30 வீதம் எடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழி இருக்கிறது. வீட்டுக்கு மட்டுமல்ல, மருத்துவத்துக்கும்தான். பத்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருக்க வேண்டும். உங்கள் ஒபரேஷன் அதில் அடங்குமா என்று டயக்னோசிஸ் காட்டைக் கொண்டுபோய்த் தொழில் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

விலகியே ஆக வேண்டும் என்றால் இன்னும் இரண்டு பணம் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதி, அதாவது ஈ.டி.எஃப்., தோட்டம் தன் கையால் போடும் 3 வீதம். வேலையை விட்டதும் வயதைப் பார்க்காமல் கேட்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. அடுத்தது பணிக்கொடை, நம் ஆட்கள் சொல்லும் சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு இது உரிமை. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 20 வருடம் என்றால் 3,78,000 ரூபாய். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு.

பிரதேச செயலகத்தையும் மறக்க வேண்டாம். குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. கிராம உத்தியோகத்தரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, செயற்கைக் கால் பற்றியும் சமூக சேவை உத்தியோகத்தரிடமே கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பலாம், தமிழில் பதில் கேட்கலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. கொடுக்கும் கடதாசி ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, வாங்கியதாகத் திகதி முத்திரை போடச் சொல்லுங்கள்.

எங்களை ஆக அதிகமாக அலைய வைத்தது பெயர். பெரியம்மாவின் அடையாள அட்டையில் பெயர் 'இரா' என்று தொடங்கும், செக்ரோலில் வெறும் 'ரா'. பிறந்த வருடத்திலும் ஒன்று வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடித்து, தோட்டத்துக் கடிதம் வாங்கி, மூன்று முறை பஸ் ஏறினோம், ஒரு முறை அவரையும் அந்தக் காலோடு கூட்டிக்கொண்டு. ஆள் வார்டில் இருக்கும்போதே வீட்டில் படித்த பிள்ளை ஒன்று அடையாள அட்டையின் பிரதியோடு தோட்டத்துக் கந்தோருக்குப் போய், ஈ.பி.எஃப். இலக்கத்தையும் பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.