டார்ச்சைப் பற்றவைக்கும் முன்

“இப்ப வர்ற காரெல்லாம் வெறும் தகரம் சார், விரலால அழுத்தினாலே உள்ளே போகுது.” உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை என்று தெரிந்ததும் பலர் என்னிடம் சொல்வது இதைத்தான். விரலுக்கு வளைவது தகட்டின் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்தது. வலிமை வேறு கணக்கு. கதவின் மேல்தகடு 300 மெகாபாஸ்கல் (இழுத்து அறுக்கத் தேவையான விசையை அளக்கும் அலகு) அளவு இழுவிசை தாங்கினால், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் பி பில்லர் இன்றைய பல கார்களில் 1500 தாங்கும். அதனால்தான் தகட்டை மெலிதாக்கி எடையைக் குறைக்க முடிகிறது.

இவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? இப்படிப்பட்ட தூண்களைச் செய்வது போரான் எஃகில். அதில் கார்பன் 0.22 சதவீதம்தான், போரான் துளியூண்டு. தகட்டை 900 டிகிரிக்கு மேல் சிவக்கக் காய்ச்சி, உள்ளே தண்ணீர் ஓடும் அச்சில் அழுத்தி, சில நொடிகளில் குளிர வைப்பார்கள். அந்த வேகத்தில் பிறப்பதுதான் மார்ட்டன்சைட் என்ற மிகக் கடினமான உள்ளமைப்பு. ஆக, வலிமையின் பெரும்பகுதி சூடாக்கிக் குளிர்வித்த விதத்தில் இருக்கிறது. மறுபடி சூடுபட்டால் அதுவும் போய்விடும்.

ஒருமுறை விபத்துக்குப் பின் சரிசெய்த காரின் பில்லர் துண்டு ஒன்று எங்களிடம் வந்தது. பெயின்டுக்கு மேல் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. உண்மையில் நல்ல கைவேலை. துண்டை மெருகேற்றி, உள்ளமைப்பைத் தெரியவைக்கும் நைட்டல் என்ற அமிலக் கரைசலைத் தடவி நுண்ணோக்கியில் வைத்தோம். ஒரு முனையில் நெருக்கமான மார்ட்டன்சைட் இழைகள். நாலு விரற்கடை தள்ளினால் வெளுத்த ஃபெரைட் மணிகள், நடுநடுவே கறுத்த பெர்லைட்; இரண்டும் மார்ட்டன்சைட்டைவிட மென்மையான அமைப்புகள். விக்கர்ஸ் அளவுகோலில் கடினத்தன்மை மார்ட்டன்சைட் முனையில் 470, இங்கே 190. யாரோ கேஸ் டார்ச் காட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். அடுத்த மோதலில் தூண் மடங்குவது அந்த இடத்தில்தான்.

“சிவக்க விடலையே, லேசாத்தான் காட்டினோம்” என்பதும் செல்லாது. மார்ட்டன்சைட் கடினம் குறைந்து மென்மையாக 400 டிகிரி போதும், அந்தச் சூட்டில் இரும்பு சிவக்கவே சிவக்காது. ஃபெரைட்டுக்குள் மார்ட்டன்சைட் திட்டுகள் கொண்ட டூயல் ஃபேஸ் எஃகுக்கும் இதே கதிதான்.

போரான் எஃகுத் தூண் வளைந்தால் மாற்றுவதுதான் முறை. எங்கே வெட்டலாம், எப்படி வெல்டு வைக்கலாம் என்பது தயாரிப்பாளரின் பழுதுநீக்கும் கையேட்டில் இருக்கும். வண்டியை விடும்போதே “நிமிர்த்தப் போறீங்களா, மாத்தப் போறீங்களா?” என்று கேளுங்கள். அப்புறம், பெயின்ட் அடிக்கும் முன் ஒரு போட்டோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தகட்டில் நீலமும் வைக்கோல் மஞ்சளுமாகப் பட்டை தெரிந்தால், அங்கே சூடு காட்டியிருக்கிறார்கள்.