அரசுத் தளங்களில் அளந்து பார்க்கக்கூடிய குறைகள்

அரசு இணையதளங்களைத் திட்டுவது எளிது. முகப்பு முழுக்கப் படங்கள், ஓயாமல் ஓடும் செய்திப் பட்டை, ‘புதியது’ என்று மின்னும் குட்டி முத்திரை. ஆனால் ‘பார்க்கவே நன்றாக இல்லை’ என்ற புகாருக்கு எந்த அலுவலகமும் அசைந்து கொடுக்காது. அது உங்கள் ரசனை என்று சொல்லிவிடலாம். அழகில்லாத தளம் ஒழுங்காக வேலை செய்வதும், பளபளவென்று புதுப்பித்த தளம் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுவதும் நடக்கிறது. ஆகவே ரசனையை ஓரமாக வைத்துவிட்டு, அளக்கக்கூடியதை அளக்கலாம்.

அதற்கான அளவுகோல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டி; அதாவது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள். 2008இல் 2.0 பதிப்பு வந்தது, 2018இல் 2.1, 2023இல் 2.2. பல நாடுகளின் அரசு விதிகள் இதையே அடிப்படையாகக் கொண்டவை.

முதலில் நிறம். எழுத்தைப் படிக்க முடியுமா என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஒளிர்வு எண் உண்டு: கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1. நம் கண் எல்லா நிறங்களையும் ஒரே பிரகாசத்தில் உணர்வதில்லை. அதனால் திரையின் வெள்ளையில் பச்சையின் பங்கு சுமார் 71.5 சதவீதம், சிவப்புக்கு 21.3, நீலத்துக்கு வெறும் 7.2. எழுத்தின் ஒளிர்வு, பின்னணியின் ஒளிர்வு இரண்டிலும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வேறுபாட்டு விகிதம் கிடைக்கும். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு அது 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது விதி 1.4.3. ஏறக்குறைய 80 வயதுக்காரரின் மங்கிய பார்வையை மனதில் வைத்து வகுத்த எல்லை அது.

இப்போது ‘கடைசித் தேதி’, ‘முக்கிய அறிவிப்பு’ என்று தளங்கள் போடும் தூய சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் அதன் விகிதம்: 1.05ஐ 0.2626ஆல் வகுத்தால் 4.0. தேறவில்லை! மஞ்சள் பின்னணியில் அதே சிவப்பு இன்னும் மோசம், 3.7தான். எது கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தார்களோ அதுவே படிக்கக் கடினமாகிறது. ஓடும் பட்டைக்கும் விதி உண்டு: தானாகத் தொடங்கி, மற்ற தகவல்களோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் நகரும் எதையும் நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கதி திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கத்தின் ஹெச்டிஎம்எல் நிரலிலிருந்து உலாவி நமக்குக் காட்டும் படத்தை வரைகிறது; கூடவே ‘அணுகல் மரம்’ என்ற இன்னொன்றையும் கட்டுகிறது. பக்கத்திலுள்ள ஒவ்வொரு உறுப்பும் என்ன வகை, அதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் பெரும்பாலும் இந்த மரத்தைத்தான் படிக்கிறது. படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு பெட்டியையும் அதன் பெயரைச் சொல்லும் லேபிளையும் நிரலில் இணைத்திருந்தால் ‘பிறந்த தேதி, உரைப்பெட்டி, கட்டாயம்’ என்று அது சொல்லும். இணைக்காமல் பக்கத்தில் வெறும் எழுத்தாக வைத்திருந்தால் ‘உரைப்பெட்டி’ என்று மட்டும் கேட்கும். அடுத்ததும் ‘உரைப்பெட்டி’. அதற்கடுத்ததும். பார்ப்பவருக்கு இரண்டு படிவங்களும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால்தான் இந்தக் குறை வருடக்கணக்கில் தப்பித்துக்கொள்கிறது. லேபிளை இணைத்தால் எல்லாருக்குமே லாபம்: அந்த எழுத்தைத் தொட்டாலும் பெட்டி தேர்வாகும்.

பொத்தான் போல வண்ணம் பூசிய வெறும் கட்டமும் இதே ரகம். மரத்தில் அது பொத்தானாக இருக்காது. டேப் விசை அங்கே போகாது. ஸ்கேன் செய்து அப்படியே பிடிஎஃப் ஆக்கிய அரசாணையும் திரைவாசிப்பானுக்கு எழுத்தே இல்லாத ஒரு படம் மட்டுமே.

‘சரிசெய்ய ரொம்பச் செலவாகும்’ என்ற பதிலும் பழையதுதான். 2000 சிட்னி ஒலிம்பிக் தளத்தில் படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும், திரைவாசிப்பான் படிக்கும் எழுத்து) இல்லாததால் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். அரசு சட்டம் போட்டு அமைத்த போட்டி அமைப்புக் குழு, செலவைத்தான் காரணம் காட்டியது. ஆணையம் ஏற்கவில்லை. இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. குழு முழுமையாகச் சரிசெய்யாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது.

தானியங்கிச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய தளம் என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். மாற்று உரை இருக்கிறதா என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியும். உதவி எண் அச்சடித்த படத்துக்கு ‘படம் 1’ என்று எழுதிவைத்தால், அது அபத்தம் என்பது மனிதருக்குத்தான் தெரியும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்து ஒரு விண்ணப்பத்தைக் கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். கீபோர்டால் எதையாவது இயக்க முடியாவிட்டால் அது விதி 2.1.1. எங்கே இருக்கிறோம் என்ற அடையாளம் திரையில் தெரியாவிட்டால் 2.4.7. பெயரில்லாத பெட்டிக்கு 4.1.2. புகார் எழுதும்போது பக்கத்தின் முகவரியோடு இந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள். பழுது பார்க்கப்போகும் நிரலாளருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.