சீகன்பால்க்: ஆட்டுத்தோலா, துருத்தியா? ஒரு அபூர்வ ஜெர்மன் பேரோட கதை

தரங்கம்பாடிக்கு போனவங்க இந்தப் பேர கண்டிப்பா பாத்திருப்பீங்க. கோட்டைய சுத்திட்டு ராஜ வீதில நடந்தா புது எருசலேம் ஆலயம் வரும், 1718ல கட்டினது, அத கட்டினவரு பேரு பர்த்தலோமேயு சீகன்பால்க், ஜெர்மன் பாதிரியார். தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சவரு, தமிழ் எழுத்துக்கு அச்சு வார்க்க வச்சவரு, ஓலைச்சுவடி ஓலைச்சுவடியா வாங்கி சேத்தவரு, இதெல்லாம் பலருக்கு தெரியும். ஆனா அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் "பால்னு வருதுல்ல, பவுல்தான்டா அது, சீகன்ங்கிறது ஊர் பேரா இருக்கும்"னு அடிச்சு விட்டான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்.

பவுலும் இல்ல, பாலும் இல்ல. பர்த்தலோமேயுதான் அவருக்கு வச்ச பேரு, சீகன்பால்க்ங்கிறது குடும்பப் பேரு. அது ரெண்டு சாதாரண ஜெர்மன் வார்த்தை ஒட்டுன பேரு: முதல்ல வர்றது வெள்ளாடு, பின்னால வர்றது தோல். வெள்ளாட்டுத்தோல். அவ்ளோதான்னு முடிச்சிடலாம், ஆனா அந்த "தோல்"லதான் விஷயமே இருக்கு.

அதுக்கு முன்னாடி உச்சரிப்ப பாத்துடுவோம், ஏன்னா தமிழ்ல நாம இந்தப் பேர நல்லாவே மாத்தி வச்சிருக்கோம். ஜெர்மன்ல முதல் எழுத்து இசட், ஆனா அங்க இசட்டுக்கு ஜ சத்தம் கிடையாது, பீட்ஸாவுல வருதே அந்த ட்ஸ் சத்தம். தமிழ்ல ஒரு சொல் ட்ஸ்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, அதனால சீ ஆயிடுச்சு, இங்கிலீஷ் வழியா படிச்சவங்க வாய்ல ஜீ ஆயிடுச்சு. அடுத்து "பால்". ஜெர்மன்காரங்க அத குறிலாத்தான் சொல்வாங்க, பல்க், நம்ம "பல்" மாதிரி. நெடில் நாம போட்டது. கடைசி எழுத்து ஜெர்மன் எழுத்துல க-வோட மெல்லிய சத்தம்தான், ஆனா வார்த்தை முடிவுல வந்தா அந்த மொழியில அது அழுத்தமான க் ஆயிடும். அதனால கிட்டத்தட்ட ட்ஸீகன்பல்க். பழைய ஆளுங்க "சீகன்பால்கு ஐயர்"னு சொல்றது இருக்கே, அதுல தப்பு எதுவும் இல்ல, க்-னு முடிஞ்சா தமிழ் நாக்கு ஒரு உகரத்த போட்டுத்தான் நிறுத்தும், மார்க்கு பேங்க்கு மாதிரி.

இப்ப ஆட்டுக்கு வருவோம். சீகெ-ன்னா வெள்ளாடு, செம்மறிக்கு வேற சொல், ஷாஃப். இன்னைக்கு ஜெர்மனி முழுக்க சீகெ-ன்னா புரியும், ஆனா 500 வருஷத்துக்கு முன்னாடி அப்படி இல்ல. தெற்குல, அதாவது பவேரியா, ஸ்வாபியா, ஆஸ்திரியா, ஸ்விஸ் பக்கமெல்லாம் வெள்ளாட்டுக்கு கைஸ்-தான் சொல், இங்கிலீஷ்ல ஆட்டுக்கு சொல்ற கோட்டும் இந்த கைஸும் ஒரே வேர்ல வந்தது. சீகெ நடு ஜெர்மனியோட சொல், குறிப்பா கிழக்கு நடுப்பகுதி, சாக்சனி பக்கம். மார்ட்டின் லூதர் பைபிள மொழிபெயர்க்கும்போது அந்தப் பக்கத்து மொழியத்தான் அடிப்படையா எடுத்துக்கிட்டாரு, 1522ல புதிய ஏற்பாடு வந்துச்சு, 1534ல முழு பைபிள். தெற்குல படிச்சவங்களுக்கு அவரு சொல்லு பல புரியல, ஸ்விஸ் நாட்டு பாசல்ல ஆடம் பேட்ரிங்கிற அச்சுக்காரரு 1523ல "லூதர் சொல்ற இந்த வார்த்தைக்கு நம்ம ஊர்ல இது"ன்னு ஒரு சொல் பட்டியலே போட்டு சேத்து வித்தாரு. லூதரோட பைபிள் பரவப் பரவ சீகெயும் பொதுச்சொல்லா ஆயிடுச்சு, கைஸ் வட்டார வழக்கா ஒதுங்கிடுச்சு.

இது பேரு விஷயத்துல ஏன் முக்கியம்னா, ஒரு குடும்பப் பேருல சீகன்-னு இருந்தா அந்தப் பேரு உருவான இடம் தெற்கா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, தெற்கா இருந்தா கைஸ்-னுதான் ஆரம்பிச்சிருக்கும். நம்ம ஆளு 1682ல பொறந்த ஊரு புல்ஸ்னிட்ஸ், சாக்சனியில லுசாஷியா பகுதி, இப்பவும் இஞ்சி கேக்குக்கு பேர் போன சின்ன ஊரு. கணக்கு அப்படியே ஒத்துப்போகுது பாருங்க.

சரி, பல்க். அகராதிய எடுத்தா தோல்னு போட்டிருக்கும், ஆனா ஜெர்மன்ல தோலுக்கு சொல்லுக்கா பஞ்சம்? ஹவுட், ஃபெல், லேடர்னு வரிசையா இருக்கு. மாட்டுத் தோலுக்கு ஹவுட்டுன்னு சொல்லலாம், பதனிட்டது லேடர், முடியோட இருக்குற ஆட்டுத் தோலுக்கு இன்னைக்கு எல்லாரும் சொல்றது ஃபெல். எபிரேயர் 11ஆம் அதிகாரத்துல வெள்ளாட்டுத் தோல போர்த்திக்கிட்டு திரிஞ்சவங்களப் பத்தி வருமே, அங்க லூதர் போட்டது சீகன்ஃபெல்தான், சீகன்பல்க் இல்ல. அப்ப பல்க் எதுக்கு? இத வேட்டைக்காரங்கள கேட்டா பளிச்னு சொல்லிடுவாங்க, அவங்க தொழில் பாஷையில மானோட தோல் டெக்க, காட்டுப்பன்னி தோல் ஷ்வார்ட்ட, முயல், நரி தோல்தான் பல்க். வயித்துல கீறி விரிக்காம சட்டைய கழட்டுற மாதிரி முழுசா உருவி எடுக்குறது. கடைசியில கையில இருக்குறது விரிச்ச தோல் இல்ல, ஒரு பை.

அந்தப் பைதான் இந்தச் சொல்லோட உயிர். பல்க்-க்கு வேர் தேடிப் போனா இந்தோ-ஐரோப்பிய மொழிகள்ல "வீங்கு, உப்பு"ன்னு பொருள் தர்ற ஒரு பழைய வேர்ல போய் நிக்கும். அதே வேர்லதான் இங்கிலீஷ்ல வயித்துக்கு சொல்ற பெல்லி வந்துச்சு, கொல்லன் உலைக்கு காத்தடிக்கிற பெல்லோஸும் வந்துச்சு. இன்னொன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, பட்ஜெட்! இன்னைக்கு ஃப்ரான்ஸ் இருக்குற பகுதியில அந்தக் காலத்துல பேசின கெல்ட் மொழியில தோல் பைக்கு இந்த வேர்ல ஒரு சொல் இருந்துச்சு, அது லத்தீனுக்கு புல்கா-னு போயி, ஃப்ரெஞ்சுல சின்ன தோல் பைக்கு பூஜெட் ஆயி, இங்கிலீஷ்ல பட்ஜெட் ஆயிடுச்சு, பிரிட்டன் நிதி மந்திரி பைய தொறந்து கணக்கு சொல்றதுலேர்ந்து அந்தக் கணக்குக்கே பேராயிடுச்சு. ஆக வருஷா வருஷம் நாம டிவில பாக்குற பட்ஜெட்டும் தரங்கம்பாடி பாதிரியார் பேரோட பின்பாதியும் தூரத்து பங்காளிங்க.

ஜெர்மன்லயே பல்க் எங்கெங்க வருதுன்னு பாருங்க: பிளாசெபல்க்-னா ஊதுற பல்க், அதாவது துருத்தி. சர்ச் ஆர்கனுக்கு கரண்ட் வர்றதுக்கு முன்னாடி பின்னால நின்னு காலால துருத்திய மிதிக்க ஒரு ஆள் இருப்பாரு, அவருக்கு பெல்கெட்ரேட்டர்னு பேரு, பல்க் மிதிக்கிறவரு. பழைய மடக்கு கேமராவுல லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்குற மடிப்புக்கும் இதேதான். இது தவிர ஒரு வேண்டாத அர்த்தமும் இருக்கு, அடங்காத பிள்ளைய பல்க்-னு திட்டுவாங்க. தோல், அப்புறம் உடம்பு, அப்புறம் பிள்ளைன்னு இறங்கி வந்த வசவு. அதனால இன்னைக்கு ஒரு ஜெர்மன் ஸ்கூல் பையன் இந்தப் பேர கேட்டா "ஆட்டுக்குட்டி வாலு"ன்னு சிரிக்க சான்ஸ் இருக்கு, ஆனா பேரு உருவானப்ப இருந்த அர்த்தம் அது இல்ல.

இப்ப தமிழ்ல இதுக்கு சரியான சொல் எது? வெள்ளாட்டுத்தோல்னு சொன்னா தப்பில்ல, ஆனா சப்புன்னு இருக்கு. தமிழ்ல உரிச்ச தோலுக்குன்னே உரி-ன்னு ஒரு சொல் இருக்கு, புலியுரி, யானையுரின்னு சிவன் பாட்டுல எல்லாம் வரும், உரிச்சு எடுத்ததுங்கிற அர்த்தம் அதுலயே இருக்கு. அதள்னு இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு, இப்ப யாருக்கும் புரியாது. ஆனா என் ஓட்டு துருத்திக்குத்தான். ஏன்னா பல்க்-ல இருக்குற தோல் பை, ஊதுகருவிங்கிற ரெண்டு அர்த்தமும் அப்படியே துருத்தியிலயும் இருக்கு. தண்ணி எடுத்துட்டு போற தோல் பையும் துருத்தி, கொல்லன் ஊதுறதும் துருத்தி. புது திராட்சரசத்த பழைய தோல் பையில ஊத்தக் கூடாதுன்னு இயேசு சொல்ற இடத்துல தமிழ் பைபிள்ல துருத்தின்னுதான் இருக்கு. சீகன்பால்க் பேருக்கு பொருத்தமான தமிழ்ச்சொல் அவரு அச்சுக்கு கொண்டுவந்த புத்தகத்தோட பிந்தைய மொழிபெயர்ப்புலயே உக்காந்திருக்கு!

அதவிட அழகு குறுந்தொகையில இருக்கு. ஏழு ஊருக்கும் பொதுவா ஒரே ஊர்ல ஒரே ஒரு உலை, ஓய்வே இல்லாம மிதிபடுற அதோட துருத்தி மாதிரி என் நெஞ்சு கிடந்து வருந்துதுன்னு ஒருத்தி சொல்றா, அங்க துருத்திக்கு புலவர் போட்டிருக்குற சொல் மிதிதோல். மிதிக்கிற தோல். ஜெர்மன்காரன் தோலுக்கு உள்ள சொல்லையே துருத்திக்கு வச்சு, அத மிதிக்கிறவன்னு ஆளுக்கும் பேர் வச்சான்ல, அதே யோசனை இங்க அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே வந்திருக்கு. மொழிக்கும் மொழிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆடும் தோலும் உலையும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், அதான் காரணம். (சின்ன எச்சரிக்கை: மயிலாடுதுறை பக்கத்துல குத்தாலத்துக்கு பழைய பேரு திருத்துருத்தி, தஞ்சாவூர் பக்கம் திருப்பூந்துருத்தி இருக்கு. அந்தத் துருத்தி ஆத்துக்கு நடுவுல இருக்குற திட்டு, இதோட குழப்பிக்காதீங்க.)

ஏன் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு பேரு? ஜெர்மன் குடும்பப் பேரெல்லாம் பெரும்பாலும் நாலு வழியில வந்தது: அப்பா பேரு, ஊர் பேரு, தொழில், பட்டப்பேரு. முதல்ல நகரங்கள்ல ஆரம்பிச்சு 12லேர்ந்து 15ஆம் நூற்றாண்டுக்குள்ள மெல்ல மெல்ல நிலைச்சது. தொழில நேரா சொல்லாம அந்தத் தொழில்ல புழங்குற பொருள பட்டப்பேரா ஒட்டிவிடுறது அங்க ரொம்ப சகஜம், ஆணி அடிக்கிற கொல்லன நாகல்-னு கூப்பிடுவாங்க, அதாவது ஆணி. செருப்பு தைக்கிறவரு முட்டியில கட்டுற வார் க்னீரீம், அதுவே பேரு. நம்ம ஊர்லயும் பட்டப்பேர் இப்படித்தானே ஒட்டும். சீகன்பல்க்கும் இந்த ரகம்தான், தோல் பதனிடுறவரோ, துருத்தி செய்யிறவரோ, ஆட்டுத்தோல் வியாபாரியோ யாரோ ஒரு முன்னோருக்கு ஊரு வச்ச பேரு. பர்த்தலோமேயு காலத்துக்குள்ள அது வெறும் பேரு மட்டும்தான், அவங்க அப்பா தானிய வியாபாரி.

ஒரு தமாஷ். சீகன்பால்க் ஐரோப்பாவுக்கு திரும்பிப் போனப்ப கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க மரியா டோரத்தியா சால்ட்ஸ்மன். சால்ட்ஸ்-னா உப்பு, உப்பு விக்கிறவங்களுக்கு வர்ற பேரு, சங்கத் தமிழ்ல சொன்னா உமணர் வீட்டுப் பொண்ணு. தோல் கெடாம இருக்க முதல்ல தடவுறது உப்பு. பேர் பொருத்தம் பாத்து கட்டி வச்ச மாதிரி இல்ல?

இதே குடும்பத்து பேருன்னு நினைச்சு ஏமாறுறதுக்கும் சில பேரு இருக்கு. சீக்லர் ரொம்ப சாதாரணமான பேரு, அதுக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்ல, செங்கல் ஓடு சுடுறவரு, லத்தீன்ல ஓட்டுக்கு உள்ள தேகுலா-லேர்ந்து வந்தது. லண்டன்ல அரண்மனை பாதிரியாரா இருந்து தரங்கம்பாடி மிஷனுக்கு உதவி பண்ணவரு ஒருத்தர், ஃப்ரீட்ரிஷ் மிக்காயேல் சீகன்ஹாகன், அவரு வேற இவரு வேற. அவரு பேருலயும் ஆடு இருக்கு, ஆனா பின்பாதி வேலி போட்ட இடம், ஊர் பேருலேர்ந்து வந்த ரகம்.

அபூர்வமா இருக்குறதுக்கு காரணம் பெருசா மர்மம் ஒண்ணும் இல்ல. ம்யுல்லர்னா மாவு மில்காரர், மில் இல்லாத ஊரு கிடையாது, அதனால அந்தப் பேரு ஆயிரம் இடத்துல தனித்தனியா முளைச்சது, இன்னைக்கும் ஜெர்மனியில முதலிடம். பட்டப்பேரு அப்படி முளைக்காது. ஏதோ ஒரு ஊர்ல ஒரு ஆளுக்கோ ரெண்டு ஆளுக்கோ ஒட்டினது, அவங்க வம்சம் பெருகினாத்தான் பேரும் பெருகும். நடுவுல 1618லேர்ந்து 1648 வரைக்கும் முப்பது வருஷப் போரு, கொள்ளை நோய், பல வம்சம் அதோட போச்சு. வீட்டுல பொண்ணுங்க மட்டும் பொறந்தா பேரு அந்தத் தலைமுறையோட நின்னுடும், மேற்கு ஜெர்மனியில 1976 சட்டத் திருத்தம் வர்ற வரைக்கும் கல்யாணம் ஆனா குடும்பத்துக்கு புருஷன் பேருதான். போதாக்குறைக்கு எழுத்துப் பிரச்சனை: கடைசி எழுத்து க்-னு கேக்குறதால காதுல கேட்டபடி எழுதுற குமாஸ்தா இருந்தா ஒரே பேரு ரெண்டு விதமா ஏட்டுல ஏறும், 1876ல நாடு முழுக்க சிவில் பதிவு வந்தப்பறம்தான் எழுத்து உறைஞ்சு போச்சு. பேரு கேலிக்கு இடமா இருக்குன்னு காரணம் காட்டி மாத்திக்கவும் ஜெர்மன் சட்டத்துல வழி இருக்கு.

ஜெர்மனியில 8 லட்சத்துக்கும் மேல குடும்பப் பேரு இருக்குங்கிறாங்க, அதுல பெரும்பாலானது இப்படி ஒரு சின்ன கூட்டம் மட்டும் தூக்கிட்டுத் திரியிற பேருங்கதான். மைன்ஸ் நகரத்துல இந்தப் பேருங்களுக்குன்னே ஒரு டிஜிட்டல் அகராதி தயாராகிட்டு இருக்கு, டெலிபோன் கனெக்‌ஷன் பட்டியல வச்சு எந்தப் பேரு எந்த மாவட்டத்துல குவிஞ்சிருக்குன்னு மேப் போட்டு காட்டுவாங்க.

எழுதும்போது சீகன்பால்க்னே எழுதுங்க, அது இங்க வேர் புடிச்ச எழுத்து, ட்ஸீகன்பல்க்னு திருத்தினா படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். ரெண்டா பிரிச்சு "சீகன் பால்க்"னு மட்டும் எழுதாதீங்க, மறுபடியும் எவனாவது பவுல்னு கிளம்பிடுவான்.