எரிபொருள்: எரியாததுக்கும் அந்தப் பேரா?

அக்கா பொண்ணு ஸ்கூலுக்கு ஒரு கட்டுரை எழுதிட்டு இருந்தா, தலைப்பு 'கார்களுக்கான மாற்று எரிபொருட்கள்', கீழ வரிசையா எத்தனால், பயோடீசல், ஹைட்ரஜன், மின்சாரம், சூரிய ஒளின்னு போட்டுட்டு கொஞ்ச நேரம் அந்தப் பட்டியலையே பாத்துட்டு இருந்தா, அப்புறம் கேட்டா: "மாமா, எத்தனால் எரியும், சரி. வெயில் எப்படி மாமா எரிபொருளாகும்? காருக்குள்ள போயி அது எதை எரிக்குது?"

ரொம்பச் சரியான கேள்வி. அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டு இந்த ஒரு சொல்லோடவே ரெண்டு நாள் உக்காந்திருந்தேன், அதைத்தான் எழுதறேன்.

எரிபொருள்ங்கிறது வினைத்தொகை, குடிநீர், சுடுகாடு மாதிரி. எரிந்த பொருள், எரிகிற பொருள், எரியும் பொருள்னு மூணு காலமும் அதுக்குள்ள அடங்கியிருக்கு. வினைத்தொகையில வல்லினம் மிகாது, அதனால நடுவுல ஒரு 'ப்' போட்டு எரிப்பொருள்னு எழுதறது தப்பு, ஆனா அப்படி எழுதறவங்கதான் நிறையப் பேர் இருக்காங்க, பாக்கறப்பல்லாம் எனக்கு உறுத்தும். எழுத்துப்பிழைக்காக மட்டும் இதைச் சொல்லல. இந்தச் சொல்லுல எரியிறதுங்கிறதுதான் உயிர், எந்தக் காலத்துல எடுத்தாலும் அது எரிஞ்சாகணும், எரியாத ஒண்ணுக்கு இந்தப் பேரை வச்சா அந்தப் பேர் பொய்யாயிடுது.

சரி, நாம எதை மொழிபெயர்த்து இதைச் செஞ்சோம்? ஃப்யூயல்ங்கிற இங்கிலீஷ் சொல்லைத்தான். அது பழைய பிரெஞ்சு வழியா வந்தது, அதுக்கும் பின்னாடி போனா லத்தீன்ல ஃபோகஸ், அப்படின்னா அடுப்பு, வீட்டுல நெருப்பு மூட்டற இடம். அடுப்புக்கு வேணுங்கிற சாமான் ஃபோகாலியா, அது தேஞ்சு தேஞ்சுதான் ஃப்யூயல் ஆச்சு. ஆக, ஆரம்பத்துல அந்தச் சொல்லுக்கு நேரான தமிழ் என்னன்னு என்னைக் கேட்டா விறகுன்னுதான் சொல்வேன், அதைவிடப் பொருத்தமான சொல் இல்ல. கேமராக்காரங்க சொல்ற ஃபோகஸ் இருக்கே, அதுவும் இதே அடுப்புதான். 1604ல வானியல் அறிஞர் கெப்ளர் தன்னோட ஒளியியல் புத்தகத்துல இந்தப் பேரைக் கொண்டு வந்தார். பூதக்கண்ணாடிய வெயில்ல பிடிச்சா ஒளி ஒரு புள்ளியில குவிஞ்சு அங்க வச்ச காகிதம் புகைஞ்சு கருகுமே, அந்த இடம். தமிழ்ல நாம அதைக் குவியம்ங்கறோம், ஜெர்மன்காரங்க இன்னைக்கும் 'எரியும் புள்ளி'ன்னு பொருள் வர்ற சொல்லைத்தான் வச்சிருக்காங்க. அந்தப் பக்கமும் நெருப்பு, இந்தப் பக்கமும் நெருப்பு, அதனால ஃப்யூயலுக்கு எரிபொருள்னு வச்சவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க, குத்தம் அவங்க மேல இல்ல, வண்டிதான் மாறிப்போச்சு.

பெட்ரோலுக்கு இந்தப் பேர் கச்சிதம். பெட்ரோலியம்னா லத்தீன்ல கல் எண்ணெய், பெட்ரான்னா பாறை, ஓலியம்னா எண்ணெய். தனித்தமிழ்ல எழுதறவங்க கல் நெய்யைச் சேத்துக் கன்னெய்ங்கறாங்க, நல்ல சொல்தான், ஆனா பேச்சுல யாரும் எடுத்துக்கல. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், ஓலியம்ங்கிறது ஆலிவ் மரத்துலேர்ந்து பொறந்த சொல், நம்ம எண்ணெய் எள் நெய்யிலேர்ந்து பொறந்த சொல், ரெண்டு ஊர்லயும் ஒரு தாவரத்தோட பேரை எல்லா எண்ணெய்க்கும் பொதுவா வச்சுட்டாங்க.

டீசல் ஒரு ஆளோட பேர், அந்த எஞ்சினைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசல், அதுக்குத் தமிழ்ச் சொல் தேடறது வீண் வேலைன்னு நினைக்கிறேன். ஆனா பயோடீசல்னு ஏதோ புதுசா வந்த மாதிரிப் பேசறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், 1900ல பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சியிலயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலெண்ணெய் ஊத்தி ஓட்டிக் காட்டியிருக்காங்க. தாவர எண்ணெய் அப்படியே ஊத்தினா கெட்டியா இருக்கும், அதனால இப்ப மெத்தனாலோட சேத்து வினை நடக்கவிட்டுக் கிளிசரினைப் பிரிச்சு எடுத்துடறாங்க, மிஞ்சறதுதான் பயோடீசல். உயிரி டீசல்னு தமிழ்ல எழுதறாங்க, போதும், அது நல்லாவே நிக்குது.

எத்தனாலுக்கு நெருக்கமா எரிசாராயம்னு அழகான சொல் ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, பாருங்க, அதுவும் எரிலதான் தொடங்குது. ஆனா அந்தச் சொல் இப்ப பெரும்பாலும் பிடிபட்ட கேன் கணக்கு சொல்ற செய்தியிலதான் வருது, அதைக் காருக்குக் கொண்டு வந்தா படிக்கிறவங்க மனசு வேற எங்கயோ போயிடும், அதனால எத்தனால்னே இருக்கட்டும். கரும்புலேர்ந்தும் சோளத்துலேர்ந்தும் நொதிக்கவிட்டு எடுக்கறாங்க, பிரேசில் 1975லயே இதுக்குன்னு தேசியத் திட்டம் போட்டுட்டாங்க. ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கிற ஆற்றல்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கு, அதனால அதே தூரத்துக்கு அதிகமா ஊத்த வேண்டியிருக்கும். எப்படியும் எஞ்சினுக்குள்ள எரியத்தான் போகுது, ஆக மாற்று எரிபொருள்ங்கிற பேர் இதுக்குச் சரி.

சிக்கல் ஹைட்ரஜன்லதான் தொடங்குது. ஹைட்ரஜன்னா கிரேக்கத்துல நீரை உண்டாக்கறதுன்னு பொருள், இலங்கைப் பாடப்புத்தகத்துல ஐதரசன், இங்க தனித்தமிழ்ல நீரகம். இதை ரெண்டு விதமா வண்டியில பயன்படுத்தலாம். எஞ்சின்ல நேரா எரிக்கலாம், அப்ப அது எரிபொருள்தான், பேச்சே இல்ல. இன்னொண்ணு ஃப்யூயல் செல், அங்க ஹைட்ரஜன் ஒரு பக்கமும் காத்துல இருக்கிற ஆக்சிஜன் இன்னொரு பக்கமும் வரும், நடுவுல ஒரு மெல்லிய படலம், எலக்ட்ரான் மட்டும் வெளிக்கம்பி வழியா சுத்திப் போகும், அந்த ஓட்டம்தான் மோட்டாரை ஓட்டுது, கடைசியில தண்ணி வடியுது. தீயே இல்ல. வேதியியல் தெரிஞ்சவங்க சண்டைக்கு வருவாங்க, எரியிறதும் ஆக்சிஜனேற்றம்தான் (ஆக்சிஜனோட சேர்றது) இதுவும் ஆக்சிஜனேற்றம்தான்னு, உண்மைதான், ஆனா ஜுவாலையே இல்லாத இதைப் போய் எரியுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதனாலதான் இதை எரிபொருள் கலம்னு அப்படியே மொழிபெயர்க்கறது எனக்குப் பிடிக்கல, ஹைட்ரஜன் மின்கலம்னு சொன்னா உள்ள என்ன போகுது வெளிய என்ன வருதுன்னு ரெண்டும் வந்துடுது. விஞ்ஞானி வில்லியம் குரோவ் இதுக்கு வழிகாட்டின சோதனையை வெளியிட்டது 1839ல, அதே 1839லதான் பிரான்ஸ்ல எட்மண்ட் பெக்கரல்ங்கிற பையன், வயசு 19, வெளிச்சம் பட்டா மின்சாரம் வர்றதைக் கண்டுபிடிச்சான். தீ இல்லாம வண்டி ஓட்டற ரெண்டு வழிக்கும் ஒரே வருஷத்துல விதை விழுந்திருக்கு.

இப்ப மின்சாரக் கார். இங்கதான் நான் ரெண்டு நாள் உக்காந்ததுக்குப் பலன் கிடைச்சது. நாம பெட்ரோல் போடறோம்ங்கறோம், சார்ஜ் போடறோம்ங்கறோம், ஆனா சார்ஜ்க்கு இன்னொரு வினை தானா வந்து ஒட்டிக்குது, சார்ஜ் ஏறுது, சார்ஜ் ஏத்தணும். பெட்ரோல் ஏறுதுன்னு அந்த அர்த்தத்துல சொல்ல மாட்டோம், சொன்னா விலை ஏறுதுன்னு ஆயிடும். சார்ஜ்ங்கிற சொல்லைத் தோண்டிப் பாத்தா, அது லத்தீன்ல வண்டியில பாரம் ஏத்தறதுங்கிற வினையிலேர்ந்து வந்திருக்கு, அந்த வினைக்கு வேர் காரஸ், வண்டின்னு அர்த்தம், அதே காரஸ்லேர்ந்துதான் கார்ங்கிற சொல்லும் வந்தது. அப்ப காரும் சார்ஜும் ஒரே வயித்துப் பிள்ளைங்க! (நம்ம கார், கருப்புக்கும் மழை மேகத்துக்கும் சொல்ற கார், அது வேற, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.) லத்தீன் ஒரு வரி தெரியாத சனங்க பேச்சுல ஏத்துன்னு அந்தப் பழைய பொருளையே கொண்டு வந்துட்டாங்க, அதைக் கண்டப்ப நிஜமாவே சந்தோஷமா இருந்தது. எழுத்துல மின்னேற்றம், அதுவும் ஏற்றம்தான். மின்னூட்டம்னும் சிலர் எழுதறாங்க, இயற்பியல்ல அது எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இருக்கிற குணத்தோட பேர், அதனால வண்டி விஷயத்துல மின்னேற்றம்னு வச்சுக்கிட்டா குழப்பமில்ல.

ஆக மின்சாரக் காருக்குள்ள எதுவும் எரியல, ஏத்தறோம், இறங்குது, திரும்ப ஏத்தறோம். அந்த மின்சாரத்தை எங்கயோ நிலக்கரி எரிச்சு எடுத்திருக்கலாம், அது வேற கணக்கு, அந்தக் கணக்கையும் மறைக்கக் கூடாது.

கடைசியா வெயில். சோலார்ங்கிறது லத்தீன் சோல், சூரியன். நம்ம வாயில இருக்கிற சூரியன் வடமொழி சூர்யாலேர்ந்து வந்தது, அந்த சூர்யாவும் லத்தீன் சோலும் ஒரே ஆதி வேர்ச்சொல்லோட கிளைங்கன்னு மொழியியல்காரங்க காட்டியிருக்காங்க, அதனால சோலாரை விட்டுட்டு சூரியன்னு எழுதினா அதே குடும்பத்துல இன்னொருத்தரைக் கூப்பிட்ட மாதிரிதான். தமிழோட சொந்தச் சொல் ஞாயிறு, கதிரவன், பகலவன், எல். ஞாயிறு எனக்கு உயிர், ஆனா ஞாயிற்று மின்சாரம்னு எழுதினா கிழமைன்னு நினைச்சுடுவாங்க. சூரிய சக்தியா சூரிய ஆற்றலான்னு கேப்பாங்க, தமிழ்நாட்டுப் பாடத்துல ஆற்றல், இலங்கையில சக்தி, ரெண்டும் சரிதான். எரிசக்திதான் வேண்டாம், காத்தாலையையும் அணைக்கட்டையும்கூட எரிசக்தியில சேக்கறோம், அங்க என்னங்க எரியுது?

இன்னொண்ணு, வெயில்ங்கிற சொல்லுல வெளிச்சமும் சூடும் சேந்தே கிடக்கு, ஆனா கூரை மேல இருக்கிற பேனல் சாப்பிடறது வெளிச்சத்தை மட்டும்தான், சூடு ஏற ஏற அதோட உற்பத்தி குறையும். அதனால சூரிய ஒளி மின்சாரம்னு ஒளியைச் சேத்துச் சொல்றதுதான் முறை, பேனலுக்கு சூரிய ஒளித் தகடு. தண்ணி சூடாக்கறதுக்கு வேணா சூரிய வெப்பம்னு சொல்லிக்கலாம்.

இந்த ஒளியில கார் ஓடுமான்னு கேட்டா, ஓடியிருக்கு. 1955ல சிகாகோவுல ஜெனரல் மோட்டார்ஸ் கண்காட்சியில வில்லியம் காப் காட்டினது 15 அங்குல பொம்மைக் கார், அது மேல வெளிச்சத்தை மின்சாரமாக்கற 12 செலினியம் செல். 1987லேர்ந்து ஆஸ்திரேலியாவுல டார்வின்லேர்ந்து அடிலெய்டு வரைக்கும் 3000 கிலோமீட்டர் சூரியக் கார் பந்தயம் நடக்குது. ஆனா அதெல்லாம் தட்டையா இறக்கை மாதிரி இருக்கிற வண்டிங்க, குடும்பத்தோட போற காருக்குக் கணக்கு வேற. உச்சிவெயில்ல ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் விழுது, கூரையில 2 சதுர மீட்டர் தகடு, அதுல 20 சதவீதம் மின்சாரமாகுதுன்னா 400 வாட், நல்ல வெயில் 5 மணி நேரத்துக்குச் சமமா கிடைச்சா ஒரு நாளைக்கு 2 யூனிட், அதாவது 2000 வாட் மணி. ஒரு சாதாரண மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு 150 வாட் மணி குடிக்கும், அப்ப 13 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 9 யூனிட் அளவு ஆற்றல் அடங்கியிருக்கு, அதை வச்சுப் பாத்தா கொஞ்சம்தான், ஆனா பக்கத்துல வேலைக்குப் போயிட்டு வர்றவங்களுக்கு அந்த 13 கிலோமீட்டரே ஒரு நாள். வண்டி மேல இல்லாம வீட்டுக் கூரையில தகடு போட்டு அங்கேர்ந்து ஏத்திக்கிட்டா இடப் பிரச்சனையும் இல்ல.

அட, அந்தச் சூரியனாவது எரியுதான்னா அதுவும் இல்ல. அங்க நடக்கறது அணுக்கரு இணைவு, நொடிக்கு ஏறக்குறைய 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமா மாறுது, அதுல 40 லட்சம் டன் அப்படியே ஆற்றலா வெளிய வருது, ஆக்சிஜனும் வேண்டாம், தீயும் வேண்டாம்.

அதனால என் முடிவு இதுதான், எத்தனால், பயோடீசல், அழுத்தின எரிவாயு (சிஎன்ஜி) இதெல்லாம் மாற்று எரிபொருள். மின்சாரமும் சூரிய ஒளியும் மாற்று ஆற்றல். எல்லாத்தையும் ஒரே தலைப்புல போடணும்னா மாற்று ஆற்றல்னே போட்டுடலாம், எரியிறதும் ஒரு ஆற்றல்தானே. உந்துபொருள்னு பொதுவா வைக்கலாமான்னும் யோசிச்சேன், பேருந்து, மகிழுந்துல வர்ற அதே உந்து, காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதை ஏற்கனவே ராக்கெட்டுக்குக் கொடுத்துட்டாங்க, வெளிச்சமும் பொருள் இல்லையே.

இதையெல்லாம் சொன்னதும் அக்கா பொண்ணு தலைப்பை அடிச்சு 'கார்களுக்கான மாற்று ஆற்றல்'னு மாத்தினா, நோட்டு நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டா, இந்தப் பக்கம் எரியறது, அந்தப் பக்கம் எரியாதது. எல்லாம் எழுதி முடிச்சுட்டு, "ஹைட்ரஜனை எங்க மாமா போட?"ன்னா. ரெண்டு பக்கமும் போடுன்னு சொன்னேன், அவ அதைக் கோட்டு மேலயே பெருசா எழுதிட்டா.