ஜிஞ்சர்பிரெட்டில் பிரெட் எங்கே?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளில் ஒரு அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே கருப்பு நிற பிஸ்கட் பலகைகள், ஒரு பை ஐசிங், ஆரஞ்சும் ஊதாவுமாக மிட்டாய்கள். சுவர்களை ஒட்டி, கூரையை ஏற்றி, மேலே மிட்டாய் பதித்தால், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் திருநாளுக்கான ஜிஞ்சர்பிரெட் வீடு தயார். ஜிஞ்சர்பிரெட் என்பது இஞ்சியும் மசாலாவும் சேர்த்துச் சுட்ட பிஸ்கட். இதைத் தமிழில் 'இஞ்சி ரொட்டி வீடு' என்று எழுதுகிறார்கள். ஜிஞ்சர் இஞ்சி, பிரெட் ரொட்டி, அப்புறம் என்ன தகராறு என்று கேட்கலாம். இந்தச் சொல்லின் வாலில் இருக்கும் பிரெட் பிறப்பால் ரொட்டியே அல்ல என்பதுதான் தகராறு.

இடைக்கால லத்தீனில் 'ஜிஞ்சிம்பிராட்டும்' என்று ஒரு சொல் இருந்தது. பழைய பிரெஞ்சில் அது 'ஜான்ஜான்பிரா' ஆயிற்று. பொருள், பதப்படுத்திய இஞ்சி. மருந்துக்கும் ஆயிற்று, வாய்க்கும் ஆயிற்று. நம் ஊர் பேருந்து நிலையங்களில் செரிமானத்துக்கு நல்லது என்று கூவி விற்கிறார்களே, அந்த இஞ்சி முரப்பாவின் அண்ணன் முறை. 13ஆம் நூற்றாண்டில் இச்சொல் இங்கிலாந்துக்குப் போனது. அந்த 'பிரா' என்ற வால் அங்கே யாருக்கும் புரியவில்லை. புரியாத வாலைத் தெரிந்த சொல்லாக்கிக் கொள்வது எல்லா மொழிக்காரர்களும் செய்கிற வேலை. அவர்கள் 'பிரெட்' ஆக்கினார்கள். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகளில், தேனைக் காய்ச்சி அதில் ரொட்டித் தூளைக் கொட்டிக் கிளறி, மசாலா சேர்த்துக் கட்டியாக்கும் ஒரு பண்டத்துக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. அப்படி ஒரு குறிப்பில் மிளகும் பட்டையும் குங்குமப்பூவும் இருக்கின்றன, இஞ்சியைக் காணோம்!

முன்பாதி நம் வீட்டுப் பிள்ளை. 'இஞ்சி', 'வேர்' இரண்டும் சேர்ந்த திராவிடச் சொல் பாலியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஜிஞ்சிபெர்' என்று போய் ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' ஆயிற்று. மொழியியலாளர் பலரும் ஏற்றுக்கொண்ட வழி இது. சமஸ்கிருதத்தில் இதே சொல் 'சிருங்கவேர' ஆனபோது, மான்கொம்பு போலக் கிளைத்த உடல் என்று அதற்கும் ஒரு விளக்கம் கட்டினார்கள். ஆங்கிலேயர் வாலில் செய்ததைத்தான் இவர்கள் தலையில் செய்தார்கள். தமிழில் இஞ்சி எவ்வளவு பழசு என்பதற்குப் பட்டினப்பாலையின் 'முதற்சேம்பின் முளையிஞ்சி' போதும்.

பழந்தமிழில் இஞ்சிக்கு இன்னொரு பொருளும் உண்டு: கோட்டை மதில். இரண்டுக்கும் வேர்த்தொடர்பு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. ஆனால் இஞ்சி போட்ட மாவில் சுவர் எழுப்புகிறவர்களைப் பார்க்கும்போது 'இஞ்சியால் ஓர் இஞ்சி' என்று சொல்லத் தோன்றாமல் இருக்குமா?

சரி, வீடு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து. அங்கே தேனும் மசாலாவும் சேர்ந்த 'லேப்கூகன்' என்ற பண்டம் நெடுங்காலமாக உண்டு. அதற்கு நூரெம்பெர்க் நகரம் பேர்போனது. 1812இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில், காட்டில் வழிதவறிய ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணனும் தங்கையும் ஒரு சூனியக்காரியின் வீட்டைக் காண்கிறார்கள். அதில் சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. இஞ்சி என்ற பேச்சே இல்லை. கதை பரவியபின் ஜனங்கள் லேப்கூகனில் அந்த வீட்டைக் கட்டத் தொடங்கி, அது கிறிஸ்துமஸ் பண்டமாயிற்று. ஜெர்மானியர் இன்றும் அதை 'ஹெக்சன்ஹவுஸ்' என்று சொல்வதுண்டு. அதாவது சூனியக்காரி வீடு. ஆக, ஹாலோவீனுக்குக் கறுப்புக் கூரையும் சிலந்தி வலையுமாக இதைக் கட்டுகிறவர்கள் புதிதாக எதையும் திணிக்கவில்லை. குழந்தைகளைப் பிடித்துத் தின்னும் கிழவியின் வீடுதானே அது.

அடுத்து ஐசிங். ஐஸ் போலப் பளபளவென்று இறுகுவதால் வந்த பெயர். வீடு கட்ட உதவுவது ராயல் ஐசிங்: முட்டை வெள்ளைக்கருவில் மாவாகப் பொடித்த சர்க்கரையைச் சேர்த்து அடித்தது. காற்றுப்பட்டால் ஏடு கட்டிவிடும்; அதனால் கிண்ணத்தின் மேல் ஈரத்துணி போட்டு வைப்பார்கள். கூம்புப் பையில் நிரப்பிச் சுவர் ஓரங்களில் பிதுக்கி ஒட்டி, நன்றாக இறுகியபின்தான் கூரையை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கூரை மெல்லச் சறுக்கிக் கீழே வந்து நிற்கும். சிலந்தி வலைக்கு, ஈரம் காயாத வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, நடுவிலிருந்து வெளியே பல்குச்சியால் இழுத்தால் போதும். ஐசிங்குக்குப் 'பனிப்பூச்சு' என்று சிலர் எழுதுகிறார்கள். படித்தால் குளிர்ப்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. 'சர்க்கரைப் பூச்சு' பரவாயில்லை. ஆனால் இலங்கையிலும் நம் தென்மாவட்டங்களிலும் சர்க்கரை என்றால் பழுப்பாக இருப்பது. வெள்ளையாக இருப்பது சீனி. 'சீனிப்பூச்சு' என்பதே என் ஓட்டு.

கேண்டிக்கு மிட்டாய் இருக்கிறது, வேறு தேட வேண்டாம். சமஸ்கிருத 'கண்ட', பாரசீக 'கந்த்', அரபி 'கந்தி', பிரெஞ்சு 'காந்தி' என்று போய் ஆங்கிலத்தில் கேண்டி ஆனது. நம் கற்கண்டில் இருக்கும் 'கண்டு' இதே குடும்பம்.

ஹாலோவீன், 'புனிதர் எல்லோருக்குமான திருநாளின் முந்தின இரவு' என்பதன் சுருக்கம். நவம்பர் 1ஆம் தேதியைத் தமிழ்க் கத்தோலிக்கர் அனைத்துப் புனிதர் பெருவிழா என்றும், மறுநாளைக் கல்லறைத் திருநாள் என்றும் கொண்டாடுகிறார்கள். அவர்களிடம் கேட்டால் 'புனிதர் விழா முன்னிரவு' என்பது உடனே விளங்கும். மற்றவர்களுக்கு ஹாலோவீன் என்றே எழுதலாம்.

கடைசியில் தலைச்சொல். பிஸ்கட்டுக்குத் தனித்தமிழில் ஈரட்டி, மாச்சில் என்று இரண்டு சொல் உண்டு. ஈரட்டி இருமுறை சுட்டது. ஜிஞ்சர்பிரெட் ஒருமுறைதான் சுடப்படுகிறது, ஆகவே பொருந்தாது. கலைச்சொல்லாக வேண்டுமானால் 'இஞ்சி மாச்சில்'. பேச்சுக்கும் கதைக்கும் 'இஞ்சி பிஸ்கட் வீடு' போதும். ஹாலோவீனுக்குக் கட்டியதென்றால், ஜெர்மானியர் வழியில் சூனியக்காரி வீடு.