இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், தம்பிமாரே

பெரும்போக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கியதும் எங்கள் பக்கத்துப் பெடியள் நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், ஆளுக்கொரு பை. போகட்டும். வன்னியில் பிறந்து வளர்ந்த பிள்ளை தேயிலைத் தோட்டத்தையும் ரம்பொடை அருவியையும் பார்க்கத்தான் வேண்டும். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் போய்த் திரும்பும் வண்டிகள் என் கராஜுக்கு வந்து சேரும் கோலத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

கடைசியாக ஒன்று பட்டா லொறியில் வந்து இறங்கியது. ஓட்டியவருக்குக் காரை எலும்பு முறிவு. பின்னால் இருந்த தம்பி நொண்டிக்கொண்டே வந்து சொன்னார்: “அண்ணை, பிரேக் திடீரெண்டு விட்டிட்டுது.”

பின் சில்லைக் கழற்றிப் பார்த்தேன். ட்ரம்மின் உட்பக்கம் நீலம் பாரித்துக் கிடந்தது. ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ கருகி, மேற்பரப்பு மினுமினுவென்று இறுகிப்போயிருந்தது. நகத்தால் கீறினால் வழுக்கியது. முன் பிரேக்கின் ஒயில் டப்பாவைத் திறந்தால், அடுப்பில் மறந்துபோன தேத்தண்ணி போல ஒரு நிறம். திடீரென்று ஒன்றும் விடவில்லை. அந்த பிரேக் மலை உச்சியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்திருக்கிறது.

“எந்த கியரில இறங்கினீங்கள்?”

“நியூட்ரல்தான் அண்ணை. பெற்றோல் மிச்சமெல்லோ.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெற்றோல் கணக்கையே பார்ப்போம். இப்போது வரும் ஃபியூவல் இஞ்செக்‌ஷன் வண்டிகளில், கியரில் வைத்து அக்சிலேட்டரை மூடி இறங்கினால் இன்ஜினுக்குப் பெற்றோல் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். சில்லு சுற்றுவதால் இன்ஜின் சுற்றும், பெற்றோல் தேவையில்லை. நியூட்ரலில் போட்டால் இன்ஜினைச் சில்லு சுற்றாது. அணையாமல் இருக்க அது பெற்றோல் குடித்தே ஆக வேண்டும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறீர்கள். பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிச்சம் வரலாம். நுவரெலியாவிலிருந்து கம்பளை வரை இறங்கினாலும் அது ஒரு வடைக் காசுக்கு மேல் போகாது. அதற்காகவா உயிரைப் பணயம் வைப்பது? சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்களாம். அவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். கம்பளைக்கு வரும்போது ஏறக்குறைய 1400 மீற்றர் கீழே வந்துவிடுகிறீர்கள். வண்டியும் இரண்டு பேரும் பைகளும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். அவ்வளவு பாரம் அவ்வளவு தூரம் கீழே இறங்கும் சக்தி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது முழுவதும் பிரேக்கில் விழுந்தால், பத்து லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். காற்றும் ரோட்டும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் உள்ளங்கை அகலமான ஒரு ஷூவுக்கும் மெல்லிய ஒரு டிஸ்க்குக்கும்தான். கியரில் இறங்கினால் அந்தப் பாரத்தில் பெரும் பங்கை இன்ஜின் தாங்கிப் பிடிக்கும். நியூட்ரலில் தாங்க யாருமில்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற ரக ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதித்துவிடக்கூடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ். பிறகு லிவர் கைபிடி வரை வெறுமனே அமுங்கும், பிரேக் பிடிக்காது. வண்டி ஆறியதும் எல்லாம் பழையபடி வேலை செய்யும். அதனால்தான் விபத்துக்குப் பிறகு பார்க்கிறவர்கள் “பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொல்லி நாங்கள் கெஞ்சுவது வியாபாரத்துக்காக இல்லை.

சரி, எந்த கியர்? அந்த இடத்தை ஏறுவதாக இருந்தால் எந்த கியர் போடுவீர்களோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்க முதலே கியரைக் குறையுங்கள்; வேகம் எடுத்த பிறகு குறைக்கப் போனால் பின் சில்லு இழுபடும். இன்ஜின் இரையும். இரையட்டும். “சத்தம் போடுது, இன்ஜின் உடைஞ்சிடும்” என்று பயந்து கிளட்சைப் பிடிக்காதீர்கள். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி இறங்கும் லொறிகளைக் கவனியுங்கள். அத்தனை பாரத்தோடு, சின்ன கியரில், உறுமிக்கொண்டே இறங்குவார்கள். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். கால் பிரேக்கிலேயே ஓய்வெடுக்கக் கூடாது.

எங்கள் ஆட்களுக்கு முன் பிரேக் என்றால் பயம். அது எனக்கு விளங்குகிறது. கிரவல் ரோட்டில் முன் பிரேக் பிடித்து விழாதவர் வன்னியில் குறைவு. அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகிவிட்டோம். ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும் பங்கு முன் சில்லுக்குப் போய்விடும். பின் சில்லுக்கு ரோட்டைப் பிடிக்கும் பலம் குறைவு. தார் ரோட்டில், வண்டி நேராக இருக்கும்போது, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துங்கள். போக முதல் ஊரிலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள். எங்களுக்கு உயரம் என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். இறக்கத்தைப் பழக இங்கே இடமில்லை. முன் பிரேக்கையாவது பழகலாமே.

ஸ்கூட்டி ஓட்டுகிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் தனியாக ஒன்று. ஸ்கூட்டியில் கியரைக் குறைக்க வழியில்லை. வேகம் நன்றாகக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும். பிறகு வண்டி நியூட்ரலில் போவதற்குச் சமம். அக்சிலேட்டரை ஒரு துளி திருகிக் கொடுத்தால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், இன்ஜின் கொஞ்சம் இழுத்து வைக்கும். அதை நம்பி மட்டும் இறங்க முடியாது. அடிக்கடி ஓரம் கட்டி ஆறவிடுங்கள். கருகல் மணம் வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். அப்போது தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்; சுட்ட டிஸ்க் வளைந்துபோகும். இரண்டு பேர், இரண்டு பை, ஸ்கூட்டியில் நுவரெலியா: என்னைக் கேட்டால் வேண்டாம்.

அப்புறம் ரயர். ஏ9 வீதி நேரான வீதி. பரந்தனிலிருந்து வவுனியா வரை ஓடிக்கொண்டே இருந்தால் ரயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஓரத்தில் பூ, அதாவது ரயரின் வெட்டு, அப்படியே இருக்கும். “பூ கிடக்குத்தானே அண்ணை” என்பார்கள். நேரே போகும்வரை ஒன்றும் தெரியாது. மலை வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அந்தத் தட்டைப் பகுதியின் விளிம்பில் ஏறி, சடாரென்று ஒரு பக்கம் விழப் பார்க்கும். ரயரைக் குனிந்து பின்னாலிருந்து பாருங்கள். வளைவாகத் தெரியாமல் தட்டையாகத் தெரிந்தால் மாற்றுங்கள்.

ஏர் ஃபில்டரில் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி அடைத்திருக்கும். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, வண்டி இழுக்காது. அங்கேயே கார்ப்பரேட்டரைத் திருகப் போகாதீர்கள், கீழே வந்ததும் இன்ஜின் சூடேறும். ஃபில்டரை இங்கேயே சுத்தம் செய்துகொண்டு போங்கள்.

கிளிநொச்சியிலிருந்து கண்டி ஏறக்குறைய 250 கிலோமீற்றர், அங்கிருந்து நுவரெலியா இன்னும் 75க்கு மேல். ஒரே நாளில் ஓடி முடிக்க வேண்டுமென்று நடுச்சாமத்தில் வெளிக்கிடுகிறார்கள். இருட்டில் ஏ9இல் மாடு படுத்திருக்கும். அதைத் தப்பினாலும், நித்திரை முழித்த உடம்போடு பின்னேர மழையில் முதல் கொண்டை ஊசி வளைவுக்கு வருகிறீர்கள். விடிந்த பிறகு வெளிக்கிட்டு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கண்டியிலோ மாத்தளையிலோ இரவு தங்கி, காலையில் மலை ஏறுங்கள். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மதியத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை. இங்கே வெயில் கொளுத்துகிறது என்பதை வைத்து அங்கே கணக்குப் போடாதீர்கள். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுவார்கள். செம்மஞ்சளைக் கண்டாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வளைவில் இடப்பக்கத்தை விடாதீர்கள். ஹோர்ன் அடியுங்கள். பஸ் வளைவை முழுக்க எடுத்துத்தான் திரும்பும், அதோடு போட்டி வேண்டாம். ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட், வார் பூட்டியபடி. அடிபட்டால் 1990 அம்பியுலன்ஸ் இலவசம். நம்பரை எல்லோரின் போனிலும் போட்டு வையுங்கள்.

2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே வீதியில்தான் நீங்களும் ராவணன் அருவி பார்க்க இறங்குகிறீர்கள். உங்கள் வீடுகளில் எத்தனை இழப்புக்குப் பிறகு உங்களை வளர்த்து எடுத்தார்கள் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அம்மாமாருக்காகவாவது கியரில் இறங்குங்கள், ராசாக்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் வண்டியைக் கொண்டுவந்து “அண்ணை, ஒருக்கா பாருங்கோ” என்று நிற்காதீர்கள். புது ஷூ ட்ரம்மோடு பொருந்தக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும், புது ரயரின் வழுவழுப்புப் போகவும் ஓட வேண்டும். ஒரு கிழமைக்கு முன்னரே கொண்டு வாருங்கள்.